வேகம் மட்டுமே திறனாகுமா?

குறைந்த விலையில் விரைவான வண்டி வேண்டும் என்பது இளைஞர் பலரின் விருப்பம். எவ்வண்டி சிறந்தது என்பதற்கு மைசூரின் வரலாறே விடை தருகிறது.

இந்நகரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது. 250 சிசி யெஸ்டி ரோடுகிங்கின் ஆற்றல் ஏறத்தாழ 16 குதிரைத்திறன். 1983-இல் வெளிவந்த ராஜ்தூத் 350 வண்டியின் ஆற்றலோ ஏறத்தாழ 30 குதிரைத்திறன்.

எண்ணிக்கையில் ராஜ்தூத்தே வென்றது. ஆயினும் அது பெட்ரோலை மிகுதியாகக் குடித்தது. உதிரி பாகங்களின் விலையும் மிகுதி. ஆதலால் சந்தையில் நெடுநாள் நிலைக்கவில்லை. யெஸ்டி எளிய அமைப்புடையது; உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றவும் பயன்பட்டது. சாலையோரப் பட்டறையிலேயே அதன் பழுதை நீக்க இயன்றது. தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் அவ்வண்டிகள் ஓடுகின்றன.

இன்று சிலர் எஞ்சினை மாற்றியமைத்து வேகம் தேடுகின்றனர். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. அத்தடை நியாயமானதே. வேகம் இருமடங்கானால், பிரேக்கை அழுத்திய பின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எஞ்சினை மாற்றுவோர் பிரேக்கை மறந்தால் உயிருக்கே இடர் நேரும்.

வாங்கவும், பழுது நீக்கவும், உரிய இடத்தில் நிறுத்தவும் இயலும் வண்டியே திறன்மிக்க வண்டியாகும்.