கூடப் படித்தவன் எங்கே?

ஆண்டு முடிவு நெருங்கிவிட்டால் நமது பட்டணங்களில் பழைய மாணவர் விருந்துகளுக்குக் குறைவில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள ஆண்கள் பாடசாலைகளிலிருந்து இன்ன ஆண்டில் தேறி வெளிவந்த வகுப்பார் என்று ஒவ்வொரு கூட்டத்தார் சேருகிறார்கள். பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். உண்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து, "நாம் எல்லோரும் ஒன்றாய் வளர்ந்தோம்" என்று தொண்டை தழுதழுக்கப் பேசுகிறார். கைதட்டல் மண்டபத்தை நிறைக்கிறது. சென்ற முறை சுபாங் ஜெயாவில் நடந்த அப்படிப்பட்ட விருந்தொன்றில் நாமும் கைதட்டினோம். ஆகவே இதை எழுத நமக்கு உரிமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

"ஒன்றாய் வளர்ந்தோம்" என்ற அந்த வாக்கியம் மெய்தானா என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

அதில் மெய்யான பாகம் ஒன்றுண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ளுவோம். கோயிலும் லயமும் கலியாணப் பந்தலும் செய்ய முடியாத ஒரு காரியத்தைப் பாடசாலைப் பெஞ்சு செய்தது. தோட்டத்துக் கூலியின் மகனும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வேக்காரர் மகனும், சீன மளிகைக்காரர் மகனும், மலாய்ப் போலீஸ்காரர் மகனும் அதில் தோளுரச உட்கார்ந்தார்கள். ஒருவன் சோற்றுப் பாத்திரத்தில் மற்றவன் கை நுழைந்தது. யார் எந்தச் சாதி என்று கேட்டவனைப் பிள்ளைகளே பரிகசித்தார்கள். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஊர் ஊராய்ப் பேசிய சமத்துவத்தை, ஐந்தாண்டு காலம் ஒரு பெஞ்சு சத்தமில்லாமல் நடத்திக் காட்டியதென்றால் அது சிறிய காரியமல்ல.

நிற்க, இந்தப் பாடசாலைகள் எதற்காக ஏற்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். 1893இல் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனுக்கு அஸ்திவாரம் போட்டபோது, இங்கிலாந்து ராணியின் பெயரைச் சூட்டினார்களேயன்றி, அதற்குத் துணை நின்றவர்களுள் முன்னணியில் இருந்தவர்கள் நம் தம்புசாமிப் பிள்ளையும், யாப் குவான் செங், லோக் இயூ என்ற சீனப் பிரமுகர்களுமே. அதே 1893இல் கிள்ளானில் மெதடிஸ்ட் சபையாரின் ஆங்கிலோ சீனப் பாடசாலை தோன்றியது. 1897இல் கோலாலம்பூர் மெதடிஸ்ட் ஆண்கள் பாடசாலையும், 1904இல் செயின்ட் ஜான்ஸும், 1928இல் கிள்ளான் ஹைஸ்கூலும் தொடர்ந்தன. அரசாங்கக் காரியாலயங்களுக்கும் ரயிலுக்கும் தோட்டங்களுக்கும் ஆங்கிலத்தில் கணக்கெழுதும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அத்தேவையை இவை நிறைவேற்றின. தோட்டத்திலோ, பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பாடசாலை வைக்கவேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. சட்டத்துக்காகக் கொட்டகை எழும்பியது. பல இடங்களில் எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். ஆக, ஒரே இனத்துப் பிள்ளைகளுக்கு அன்றே இரண்டு பாதைகள் போடப்பட்டன. ஒரு பாதை காரியாலய மேசைக்குப் போயிற்று; மற்றது வெட்டுக்காட்டுக்கே திரும்பிற்று.

இந்த இரண்டு பாதைகளும் பின்னர் சந்தித்துக்கொண்ட இடம் எது தெரியுமா? பெரட்டுக் களம். அங்கே ஒருவன் பெயர் கூப்பிட்டான். மற்றவன் "ஆஜர்" என்றான்.

அந்தச் சந்திப்பின் இலட்சணத்தை 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் உலகறியச் செய்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முதலியோர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரைத் திரட்டினார்கள். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடையை மூடுதல், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள். துரைகளும் ஆசிய உத்தியோகஸ்தர்களும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையைக் கேட்டார்கள். கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தர்களை நீக்கித் தமிழ் பேசுவோரை வைக்கவேண்டுமென்றும் கேட்டார்கள். மே மாதத்தில் நாதனைப் பிடித்தார்கள், பட்டாளம் வந்தது, ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஆசிய உத்தியோகஸ்தர் என்று அந்தக் கோரிக்கையில் குறிக்கப்பட்டவர் யார்? நாம்தான். வெள்ளைக்காரத் துரையைப் பற்றி எழுதும்போது நமது பேனா வாளாகிறது. கிராணியைப் பற்றி எழுதவேண்டிய இடம் வந்தால் மை உறைந்துவிடுகிறது. நாம் படித்த ஆங்கிலம், எதிரே வரும் நம்மவனைச் சைக்கிளிலிருந்து இறக்கத்தான் பயன்பட்டதென்றால், அந்தப் படிப்பு யாருடைய வளர்ச்சி?

"அது பழங்கதை, இன்று துரையும் இல்லை, சைக்கிளும் இல்லை" என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்காகவே நமது வகுப்பின் கதையைச் சொல்லுகிறோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் ஆண்கள் பாடசாலையில் 2003இல் முதற் படிவம் புகுந்து 2007இல் ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் நாம். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கியது அந்த 2003ஆம் ஆண்டில்தான். (2009இல் அத்திட்டத்தைக் கைவிடுவதென்று அரசாங்கமே முடிவு செய்தது.) வீட்டில் ஆங்கிலம் புழங்கிய நமக்கு அது வெல்லமாயிருந்தது. ஆறாண்டு தமிழில் கணக்குப் போட்டுவிட்டு வந்த தோட்டத்துப் பிள்ளைக்கோ, தெரிந்த கணக்கே தெரியாத கணக்காயிற்று. அதுவும் நேரே முதற் படிவம் வந்தவர்களின் கதி. மலாய் மொழியில் மதிப்பெண் போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு நிறுத்தப்பட்டு, வாசலிலேயே நமக்குக் கீழ்வகுப்பினர் ஆனார்கள்.

நம் பெஞ்சில் காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. வினாவில் உள்ள ஆங்கிலத்தை நாம் அவனுக்குச் சொல்லுவோம். விடைக்குப் போகும் வழியை அவன் நமக்குச் சொல்லுவான். இருவரும் சேர்ந்தே ஒரு மாணாக்கன் ஆனோம். ஒன்றாய் வளர்வதென்றால் இதுதான். இதைத் தவிர வேறெதுவும் அல்ல.

மூன்றாம் படிவத்தில் அவன் தகப்பனாருக்கு இடுப்பு விழுந்தது. செம்பனைக் குலையை டன் கணக்கில் வெட்டினால்தான் கூலி. பையன் உதிரிப் பழம் பொறுக்கச் சனி ஞாயிறு போனான், பிறகு வெள்ளிக்கிழமையும் போனான், பிறகு வாரத்தில் இரண்டு நாளே பள்ளிக்கு வந்தான், பிறகு வரவேயில்லை. அவன் தங்கையின் படிப்பு அதற்கு முன்பே நின்றதாம். அதை நாம் கேட்டதுகூட இல்லை. ஒரு நாள் வருகைப் பட்டியலில் அவன் பெயர் விடுபட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பெஞ்சில் அவனிருந்த இடத்தில் நமது பைகளை வைத்துக்கொண்டோம்.

2007ஆம் ஆண்டுப் படத்தில் அவன் இல்லை. முதற் படிவத்துப் படத்தில் இருந்த இன்னும் ஐந்து முகங்களும் இல்லை. சுவரில் பெரிதாக்கி மாட்டியது எந்தப் படம் என்று இப்போது விளங்குகிறதா? உதிர்ந்தவர்களை உதிர்த்துவிட்ட பின் எடுத்த படத்தைக் காட்டி, "எல்லோரும் வளர்ந்தோம்" என்றால், அந்தக் கணக்கு எப்படித் தவறும்?

காலம் செய்த கோலம், நாம் கிராணியாய்ப் போய்ச் சேர்ந்த தோட்டத்தில் அவன் இருந்தான். வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிறைந்த பெரட்டில், எஞ்சியிருந்த நாலைந்து தமிழர்களுள் அவனும் ஒருவன். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதும் நாம் திடுக்கிட்டோம். அவன் தலை நிமிராமல், "வந்திருக்கேங்க ஐயா" என்றான். வேலை முடிந்தபின் தனியே அழைத்து, "ஏண்டா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?" என்றோம். "மத்தவங்க பார்க்கிறாங்களேங்க ஐயா, நல்லா இருக்காதுங்க" என்றான். இன்றும் நம்மைக் கண்டால் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்துகிறான். 1941இல் ஐந்து உயிர் கொடுத்துக் கேட்ட உரிமையை, யாரும் தடுக்காத இந்த நாளிலும், நம் முன்னிலையில் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. இது அவன் குற்றமா? பெஞ்சில் பையை வைத்தவர்கள் குற்றமா?

வகுப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பள்ளியில் சேர்ந்து படிக்கும் கூட்டம் ஒன்று; சமூகத்தைக் கூறு போட்ட பிரிவு மற்றொன்று. நம் தோழர்கள் முதற் பொருளில் சேர்ந்து இரண்டாம் பொருளில் பிரிகிறார்கள். ஒரே பாத்திரத்தில் உண்டவன், தன் தங்கைக்கு வரன் தேடும்போது தோழனின் பெயரை நினைப்பதில்லை, சாதியை நினைக்கிறான். சமத்துவம் ஐந்தாம் படிவத்தோடு தேறி வெளியேறிவிடுகிறது போலும்!

"தன் கையே தனக்கு உதவி, முயன்றவன் முன்னேறினான்" என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். கணக்கில் நம்மை விஞ்சியவன் முயலவில்லையா? அவன் தகப்பனின் இடுப்பு நம் தகப்பனுக்கு இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை அவனே எழுதியிருப்பான். வேறு சிலர், "நாங்கள் பள்ளிக்குக் கோப்பையும் கட்டடமும் கொடுக்கிறோமே" என்பார்கள். கோப்பை, முன்னமே முதலில் வந்தவனுக்குப் போகிறது. கட்டடம், முன்னமே உள்ளே இருப்பவனுக்கு நிழல் தருகிறது. வாசலுக்கு வெளியே நிற்பவனுக்கு இவற்றால் என்ன பிரயோஜனம்?

மேலும் நாம் விருந்துண்ட சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்டதில்லை. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப் பாடசாலைகள் இன்று 500க்குச் சற்று மேலே நிற்கின்றன. தோட்டங்கள் வீடமைப்புகளான கதை அந்த எண்ணிலும் அடங்கியிருக்கிறது.

ஆகையால் நாம் சொல்லுவது இதுதான். விருந்து வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த விருந்தில் ஐந்தாம் படிவத்துப் படத்தை மாட்டாதீர்கள். முதற் படிவத்துப் படத்தை மாட்டுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு முகமும் எங்கே என்று கேளுங்கள். ஒரு தட்டு விருந்தின் விலை, தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளைக்குப் பல நாள் பஸ் கட்டணம். உண்ட தட்டுக்கு ஒரு தட்டு என்று எடுத்து வைத்தாலும் சில பெயர்கள் பட்டியலிலிருந்து விடுபடாமல் நிற்கும். கிராணித் தோழர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை: எந்த வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்கிறது, எந்தத் தகப்பனுக்கு இடுப்பு விழுந்தது என்பது செக்ரோலை வைத்திருக்கும் நமக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்? பிள்ளை பள்ளியிலிருந்து நிற்பதற்கு முன் அந்தச் செய்தியைப் பழைய மாணவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நமது கடமை. ஆண் பிள்ளைக்கு மட்டுமன்று, அவன் தங்கைக்கும்.

தோழர்களே! கூடப் படித்தவன் இன்னும் நம் பெயரை மறக்கவில்லை, சொல்லத்தான் கூசுகிறான். அவனை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். நாலு பேர் முன்னிலையில் அவன் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். அன்றைக்கு "ஒன்றாய் வளர்ந்தோம்" என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். அதுவரை அந்த வாக்கியத்துக்கு நமது கை தட்டாது.