கப்பல் விருந்தும் பரிமாறும் கைகளும்

உல்லாசக் கப்பல் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது சாப்பாடுதான். காலை, பகல், இரவு என்று எந்நேரமும் பந்தி. வேண்டியதை வேண்டிய மட்டும் சாப்பிடலாம். போனில் சொன்னால் அறைக்கே தட்டு வரும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டெலியா' கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் புறப்பட்டபோது, இந்த ஆசை நடுத்தரக் குடும்பங்களையும் தொட்டது. ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் அந்தத் தட்டை ஏந்தி வருகிறவன் யார் என்று நீலசந்திராவில் வாழும் நாம் கேட்டாக வேண்டும். அவன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கடல் பயணம் தமிழனுக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பிழைப்புத் தேடிப் போனவர்கள் 'டெக்'கில் பாய் விரித்துப் படுத்தார்கள். அறைக்குச் சாப்பாடு வரும் பேச்சே இல்லை, அறை இருந்தால்தானே! இன்று நம் பிள்ளைகள் கூலி தேடி அல்ல, பரிமாறும் வேலைக்குக் கப்பல் ஏறுகிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் கண்டது. ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனாவால் தடுத்து நிறுத்தப்பட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக 3,711 பேர். பயணிகள் அறைக்குள் இருக்கும்படி உத்தரவாயிற்று. அவர்களுக்கு வேளாவேளைக்கு உணவைக் கதவருகே கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஊழியர்கள்தான். இந்தியர் 138 பேரில் 132 பேர் ஊழியர்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு. பிப்ரவரி 9-க்குள் நோய் உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பயணிக்குக் கதவு அடைக்கப்பட்டது. பரிமாறுகிறவனுக்கு அடைக்க ஒரு கதவு இல்லை.

"சம்பளம் டாலரில், சாப்பாடும் தங்கலும் இலவசம். பெங்களூர் ஓட்டலில் இது கிடைக்குமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போகாதே என்று தடுப்பது நம் நோக்கமல்ல. கண்ணைத் திறந்துகொண்டு போ என்பதே நம் வாதம்.

2006-ல் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-ல் அமலுக்கு வந்தது. 2015-ல் இந்தியா அதை ஏற்றது. கப்பலில் ஊழியருக்கு உணவு இலவசம் என்பது அதில் உள்ள உரிமை. முதலாளி காட்டும் தயவு அல்ல. வாரத்துக்கு 72 மணிக்கு மேல் வேலை கூடாது, அல்லது 77 மணிக்குக் குறையாமல் ஓய்வு வேண்டும் என்ற இரண்டில் ஒன்றை நாடு விதிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தின் 168 மணியில் 77 போனால் மிச்சம் 91. வாரம் 48 மணி வேலைக்கே அலுத்துக்கொள்ளும் குமாஸ்தாவுக்கு இந்த எண்ணின் கனம் புரியும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. வேலை வாங்கித் தருவதற்காக ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே உடன்படிக்கையின் விதி. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சேரும். ஆகவே, "லட்சம் கட்டு, கப்பல் ஏற்றிவிடுகிறேன்" என்று ஒருவன் சொன்னால், அந்தப் பேச்சே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கப்பலுக்கு ஆள் சேர்ப்பவருக்கு மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் தந்த உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், சரிபாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். தாலியை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுக்கும் தாய்மார்களுக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள்.

பயணியாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறைக்குக் கொண்டுவரும் உணவும் எல்லாக் கப்பலிலும் இலவசமல்ல. 2015-ல் நார்வீஜியன் கம்பெனியும் 2017-ல் ராயல் கரீபியன் கம்பெனியும் அதற்கு 7.95 டாலர் கட்டணம் விதித்தன. டிக்கெட் வாங்கும்போதே விசாரியுங்கள். காசு கொடுத்தாகிவிட்டது என்பதற்காகத் தட்டை நிரப்பி வீணாக்காதீர்கள். கொண்டுவந்து வைக்கும் பிள்ளையை "தம்பி, எந்த ஊர்?" என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவன் பல நாளாகக் காத்திருக்கக் கூடும்.

விருந்து நல்லதுதான். பரிமாறுகிறவனுக்கும் ஓய்வும் உரிமையும் கிடைத்தால்தான் அதை விருந்து என்று சொல்ல வாய் வரும்.