மூத்தது மூணு கிலோ, இளையது ரெண்டரை கிலோ: குத்தம் யார் மேல?

பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற சொந்தங்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன குழந்தை?" ரெண்டாவது கேள்வி, "எத்தனை கிலோ?"

ரெண்டாவது பிரசவம்னா இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும். "மூத்தவன் மூணு கிலோ இருந்தானே, இது ஏன் ரெண்டரை?" கேட்கிறது எங்ககிட்டதான். ஆனா பதில் சொல்ல வேண்டியவளா ஆக்கப்படுறது தையல் வலியோட உள்ளே படுத்திருக்கிற பொண்ணு. "என்னத்த சாப்பிட்ட?" "மாத்திரை ஒழுங்கா போட்டியா?"

இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே பேசலாம் மக்களே.

ஒரே தாய், அதே கர்ப்ப வாரம், வேற பிரச்சனை எதுவும் இல்லைன்னா, ரெண்டாவது குழந்தை முதல் குழந்தையை விட சராசரியா 100 முதல் 200 கிராம் வரை கூடுதலா பிறக்கும். மூணாவது, நாலாவதுலயும் கொஞ்சம் கூடலாம். ஆனா முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல வர்ற அளவுக்கு இருக்காது. இது சராசரி கணக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் அப்படியே நடக்கணும்னு இல்லை.

ஏன் கூடுது? கருப்பையோட உள்சுவர்ல சுருள் சுருளா மெல்லிய ரத்தக்குழாய்கள் உண்டு. கர்ப்பம் ஆனதும் நஞ்சுக்கொடியோட செல்கள் அந்தக் குழாய்களுக்குள்ள புகுந்து, இறுக்கமா இருக்கிற தசைச்சுவரைத் தளர்த்தி, குழாயை நல்லா அகலமாக்கும். அப்போதான் குழந்தைக்குத் தேவையான ரத்தம் தடையில்லாம போகும். முதல் கர்ப்பத்துல இது ஒத்தையடிப் பாதையை வண்டிப்பாதை ஆக்குற வேலை. பிரசவம் முடிஞ்சாலும் அந்தக் குழாய்கள் முழுசா பழைய நிலைமைக்குத் திரும்புறது இல்லை. அடுத்த குழந்தைக்குப் பாதை ஏற்கனவே கொஞ்சம் போட்டு வெச்சிருக்கு. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முதல் பிரசவத்துல அதிகமா வர்றதுக்கும் இந்தப் பாதை சரியா அகலமாகாதது ஒரு காரணம்.

அப்போ இளையது எடை குறைஞ்சு பிறந்தா, "இவ உடம்பு வாகு அப்படி"ன்னு சொல்லிட்டுக் கடந்து போகக் கூடாது. திட்டவும் கூடாது. ஏன்னு தேடணும்.

முதல்ல பார்க்க வேண்டியது கிலோவை இல்லை, வாரத்தை. கடைசி மாசத்துல குழந்தை வாரத்துக்குக் கிட்டத்தட்ட 200 கிராம் எடை போடும். மூத்தவன் 40 வாரம் முடிஞ்சு பிறந்து, இளையவள் 38-ல பிறந்திருந்தா, அந்த ரெண்டு வாரத்துலயே 300, 400 கிராம் போயிடுச்சு. அதுவும் இளையது பொண்ணுன்னா இன்னொரு 100 கிராம் குறைவா இருக்கிறது சகஜம். ஆண் குழந்தைகள் சராசரியா அவ்வளவு கூடுதலாதான் பிறக்குறாங்க. இதுல அந்தத் தாய் செஞ்ச குத்தம் என்ன?

இங்கே ஒரு விஷயத்தை உடைச்சே பேசணும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல ஏறக்குறைய 45 சிசேரியன். முதல் குழந்தை சிசேரியன்னா ரெண்டாவதும் பெரும்பாலும் தேதி குறிச்சு எடுக்கிறதுதான். தேதி குறிக்கிறோம்னதும் வீட்டுல ஜோசியர்கிட்ட போயிடுறாங்க. "இந்த நட்சத்திரம் விட்டா அடுத்தது சரியில்லை, 37 வாரம்தான் முடிஞ்சிருச்சே, எடுத்துடுங்க டாக்டர்." மருத்துவக் காரணம் இல்லாம 39 வாரத்துக்கு முன்னாடி எடுத்தா குழந்தை எடை குறையும். அது போதாதுன்னு மூச்சுத்திணறலோட பச்சிளங்குழந்தை வார்டுல போய்ப் படுக்கும். அப்புறம் "மூத்ததை விட எடை கம்மி"ன்னு மருமகளையே கேட்பாங்க. நல்ல நேரம் பார்க்கிறதுல எனக்குச் சண்டை இல்லை. 39 வாரம் முடிஞ்ச பிறகு எந்த நேரம் வேணும்னாலும் பாருங்க.

அடுத்தது இடைவெளி. கர்ப்பம், பிரசவ ரத்தப்போக்கு, தாய்ப்பால்னு ஒரு பெண்ணோட இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கரைஞ்சுகிட்டே போகும். அது நிரம்புறதுக்குள்ள அடுத்த கர்ப்பம் வந்தா, வண்டிப்பாதை இருந்தும் ஏத்தி அனுப்பச் சரக்கு இல்லை. குறைமாதப் பிரசவத்துக்கும் எடைக் குறைவுக்கும் வாய்ப்பு கூடும். ஒரு குழந்தை பிறந்து குறைஞ்சது 24 மாசம் கழிச்சு அடுத்த கர்ப்பத்துக்கு முயற்சி பண்ணுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது இதனாலதான். பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. நிறைய வீட்டுல அது அலமாரியிலதான் இருக்கு.

அந்த 24 மாச இடைவெளியை முடிவு பண்றது அவ மட்டும் இல்லையே? ஆணுறைன்னு ஒண்ணு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கிடைக்குது. "என்னத்த சாப்பிட்ட"ன்னு கேட்கிற வீட்டுல யாரும் புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ள அவர் விடுற பீடி, சிகரெட் புகையும் குழந்தை எடையைக் குறைக்கும். அதையும் யாரும் கேட்கிறதில்லை.

இன்னொரு பழக்கம். "ரெண்டாவது பெருசா இருக்கும், பிரசவம் கஷ்டமாயிடும், கடைசி மாசம் சோத்தைக் குறைச்சுக்கோ"ன்னு அன்பாவே சொல்ற பெரியம்மாக்கள் இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம். கூடுற அந்த 100, 200 கிராமால பிரசவம் கஷ்டமாகிறது இல்லை. பொதுவா ரெண்டாவது சுகப்பிரசவம் முதலை விடச் சீக்கிரமாவே முடியும். பட்டினி போட்டா பாதிக்கப்படுறது அவளோட ரத்தமும் குழந்தையோட வளர்ச்சியும்தான். முட்டை, பருப்பு, நிலக்கடலை, கீரை, மீன், எது முடியுதோ நல்லா சாப்பிடட்டும். குங்குமப்பூவுக்குச் செலவு பண்ற காசுக்குத் தினம் ரெண்டு முட்டை வாங்கலாம்.

எடை கூடினா எல்லாரும் சந்தோஷம். மூத்தது 3.1, இளையது 4.2. "சிங்கக்குட்டி"ன்னு இனிப்பு கொடுக்குறாங்க. எனக்கு அங்கேதான் பயம். ஒரு கிலோவுக்கு மேல கூடுறது அந்த வண்டிப்பாதை வேலை இல்லை. முதல்ல சந்தேகப்பட வேண்டியது கர்ப்பகாலச் சர்க்கரையை. தாய்க்கு வயசும் எடையும் ஏற ஏற அதுக்கான வாய்ப்பும் ஏறும். முதல் கர்ப்பத்துல சர்க்கரை இல்லைங்கிறது ரெண்டாவதுக்கு உத்தரவாதம் கிடையாது. பெரிய குழந்தை பிரசவத்துல தோள்பட்டை சிக்கிக்கலாம், பிறந்ததும் ரத்தச் சர்க்கரை சடார்னு இறங்கலாம். அதனால 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுக்கிற டெஸ்ட்டை "குமட்டுது"ன்னு தவிர்க்காதீங்க. 140-ம் அதுக்கு மேலயும் வந்தா கவனிக்கணும். கட்டுப்பாட்டுல வெச்சா பெரும்பாலும் நல்லபடியாவே முடியும்.

மூத்த குழந்தையோட எடை எங்களுக்கு உண்மையிலேயே உதவுற தகவல், ஆனா அது பிரசவத்துக்கு அப்புறம் சண்டை போடுறதுக்கு இல்லை, முன்னாடி தெரிஞ்சுக்கிறதுக்கு. முதல் குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்திருந்தா அடுத்ததும் அப்படிப் பிறக்கிற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். முன்கூட்டியே தெரிஞ்சா ரத்த அளவு, பிரஷர், ஸ்கேன்ல வளர்ச்சின்னு கூடுதலா கவனிப்போம்.

அதனால ரெண்டாவது கர்ப்பத்துக்கு முதல்முறை செக்கப் வரும்போதே மூத்த குழந்தையோட பழைய அட்டையையும் கையோட எடுத்துட்டு வாங்க. தொலைஞ்சு போச்சுன்னா, எத்தனாவது வாரம் பிறந்தது, என்ன எடை, தனி வார்டுல வெச்சிருந்தாங்களா, இந்த மூணையும் சொன்னா போதும். நாங்க எழுதிக்கிறோம்.