தொண்டருக்கும் நேர எல்லை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்னாள் போராளிகளுக்குத் துணைநிற்கும் தொண்டர்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை வரவேற்கத்தக்கது. ஆனால், தொண்டர் எந்நேரமும் கிடைக்க வேண்டும் என்ற அதன் கருத்தை ஏற்க முடியவில்லை.

2009-இல் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வீடு திரும்பினர். அவர்களின் மனப்பாரத்தைக் கேட்க முன்வருபவரும் பல இடங்களில் அதே காயத்தோடு வந்தவர்தான்.

இதை எழுதுபவரும் அப்படி ஒருவர், மண்டூர்க்காரர். இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசியை எடுத்தார். பிறகு, கதைக்க வந்த ஒருவருக்கு 5,000 ரூபா கைமாற்றாகவும் கொடுத்தார். அத்தோடு அந்த மனிதர் வருவதே நின்றது. ஒருநாள் குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறும்போது எதிர்ப்பட்ட அவர், சைக்கிளைப் பிடித்தபடி வாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். போனது காசல்ல, அவர் மனம்விட்டுக் கதைக்க இருந்த ஒரே இடம்.

1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற உளத்துணை அமைப்பின் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள், புத்திமதியைத் திணிப்பதில்லை. கிராமத் தொண்டருக்கும் அப்படியொரு வரையறை தேவை. சந்திக்கும் நேரத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கடன் கொடுக்கக் கூடாது. இரவு அவசரத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுக்கலாம்.

போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் மாதமொருமுறை தொண்டர்களை மனநல உத்தியோகத்தரோடு உட்கார வைத்தால், அவர்களும் தங்கள் பாரத்தை இறக்கிவைக்கலாம். செயலகம் இருக்கும் வெள்ளாவெளியில் ஒரு மண்டபமும் ஒரு பின்னேரமும் போதும்.

இப்படிக்கு,
வாசகர், மண்டூர்