ஜன்னலோரம் போதும்

எங்கள் திருவல்லிக்கேணி வீட்டின் முன்னறை 10-க்கு 8 அடி. வடக்கே ஒரே ஜன்னல். என்னை நானே படமெடுக்க அது தாராளம். வட்ட விளக்கு இல்லாமல் நல்ல படம் வராது என்பவர்களை நம்பாதீர்கள்.

வடக்கு ஜன்னலில் பெரும்பாலான மாதங்களில் நேர்வெயில் விழாது. வெளிச்சம் மென்மையாக வரும். வெயில் அடிக்கும் ஜன்னலென்றால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு விதமான ஒளி கலந்தால் முகத்தின் நிறம் கெடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். மறுகன்னம் அதிகம் இருண்டால் அந்தப் பக்கம் வெள்ளைச் சார்ட் அட்டையைச் சாய்த்து வையுங்கள். போனைக் கையில் பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அதனால் அலமாரியில் சாய்த்து, பின்பக்கக் கேமராவில் 10 விநாடி டைமர் வைக்கிறேன். தூரம் போதாவிட்டால் கதவைத் திறந்து, போனைச் சமையலறை மேடைக்கு மாற்றிவிடுவேன்.

ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் (1870–1954) பல பத்தாண்டுகள் தன்னையே படமெடுத்தார். இளமை, முதுமை, நோன்பில் மெலிந்த உடம்பு, எல்லாமே அந்தப் படங்களில் உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கும் அப்படியொரு பதிவு வேண்டும். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு என் அம்மா தனியாக இருக்கும் படம் ஆதார் அட்டையில்தான் இருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம். நரையோடும் கண்ணாடியோடும் ஒரு பெண் தன்னைத் தான் விரும்பியபடி படமெடுத்தால் 'இந்த வயதில் எதற்கு' என்று கேட்பது அநியாயம். காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே எடுங்கள். சமையல் சற்றுத் தாமதமாகட்டும்.