அளவறிந்து அளிக்கும் சுவாசம்

நிமோனியாவினாலோ, இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றினாலோ, நம் பக்கத்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலினாலோ நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதைந்து, அவற்றில் நீர் கசிந்து நிறைந்து, எத்தனை பிராணவாயு அளித்தாலும் இரத்தத்தில் ஏறாத அபாயகரமான நிலையையே வைத்தியர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்கின்றனர். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர வைத்தியர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு இதனை முதன்முதலாக விவரித்தனர். அன்று முதல் இன்றுவரை நுரையீரலை நேரே குணப்படுத்தும் ஔஷதம் எதுவும் நிலைபெறவில்லை. மூலவியாதிக்குச் சிகிச்சை நடக்கையில் உயிரைத் தாங்கி நிற்பது வெண்டிலேட்டரே. ஆயினும் அளவு மீறிக் காற்றைச் செலுத்தினால், எஞ்சியிருக்கும் நல்ல காற்றறைகளையும் அதுவே கிழித்துவிடும்.

2000ஆம் ஆண்டில் வெளியான, 861 பேரைக் கொண்ட அமெரிக்கப் பரிசோதனை இதனை ஐயமற நிலைநாட்டிற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் மாண்டனர்; 6 மில்லிலிட்டர் பெற்றவர்களிலோ 31 சதவீதத்தினரே. இங்கே கிலோ என்பது உயரத்திலிருந்து கணிக்கும் எடையாகும். உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 2013இல் பிரெஞ்சு வைத்தியர்கள், நோய் முற்றியவர்களை நாள்தோறும் 16 மணி நேரமேனும் குப்புறப் படுக்கவைத்தால் மரணம் 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறையும் என்று காட்டினர்.

இத்தனை தெளிந்த பின்னரும், 50 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு கூறுவதென்ன? பத்தில் நால்வருக்கு இந்நோய் இருப்பதே வைத்தியர்களால் உணரப்படவில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலாக 8 மில்லிலிட்டருக்கு அதிகமான காற்றுச் செலுத்தப்பட்டது. கடுமையாக நோயுற்றவர்களிலும் 16 சதவீதத்தினரே குப்புறப் படுக்கவைக்கப்பட்டனர். இயந்திரம் இருந்தும் முறை பிறழ்ந்து உயிர்கள் போவதை நாம் விதியென்று ஏற்கலாகாது.

நோயாளிக்கு நோயாளி நிலைமை வேறுபடுமாதலால், வைத்தியரின் விவேகத்துக்குப் பொதுவிதி விலங்கிடலாகாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அதில் நியாயம் உண்டு. விதியினின்று விலக வேண்டிய சந்தர்ப்பங்கள் நிச்சயமாக நேரும். அப்போது விலகிய காரணத்தை எழுதிவைக்கட்டும். உயரத்தை அளக்காமலே காற்றின் அளவைத் தீர்மானிப்பது விவேகமாகாது, அசிரத்தையே ஆகும்.

ஆகவே, அரசாயினும் தனியாராயினும், ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவும் வெண்டிலேட்டரில் வைக்கும் நோயாளியின் உயரம், கணித்த எடை, மூச்சின் அளவு ஆகியவற்றைப் படுக்கையருகேயுள்ள பதிவேட்டில் குறிப்பதைச் சுகாதாரத்துறை கட்டாயமாக்க வேண்டும். அப்பதிவேடுகளைக் காலந்தோறும் தணிக்கை செய்யவும் வேண்டும். குழாய்கள் நழுவாமல் ஒருவரைக் குப்புறத் திருப்புவதற்குப் பயின்ற கைகள் பல தேவை. எனவே புதிய இயந்திரங்களுக்கு நிதி ஒதுக்கும்போதே செவிலியர் நியமனத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவது அவசியம். ஓர் அளவுநாடாவும் இடைவிடாத சிரத்தையும் காக்கக்கூடிய உயிரை இழக்க எந்த அரசுக்கும், எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை.