கார்புரேட்டர் மீது பழி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையிலே, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் பழைய அம்பாஸிடர் வண்டியை நேயர்கள் எப்போதாவது கண்டிருக்கலாம். சுற்றிலும் நாலு பேர் கூடுவார்கள், அபிப்பிராயங்கள் ஐந்தாகும். முடிவில் எல்லாரும் ஒன்றுபடுவது, "கார்புரேட்டர் கோளாறு" என்ற தீர்ப்பில்தான். உடனே ஒருவர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக, கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்பத் தொடங்குவார். அதற்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் சொல்ல வந்த விஷயம்.

இத்தகைய வண்டிகள் நமது பிரதேசத்துக்கு அந்நியமானவை அல்ல. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் வண்டலூருக்கு அருகே உருவாயின. வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. இன்றைய புது வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. அதைப் பழகிய மெக்கானிக்குகளும் அருகி வருகின்றனர். ஆகவே பழைய வண்டியை வைத்திருப்போர் தாமே சிறிது கற்றுக்கொள்வது அவசியமாகிறது.

கார்புரேட்டரின் தத்துவம் எளிது. குறுகிய தொண்டை வழியே காற்று பாயும்போது வேகம் மிகுந்து அழுத்தம் குறைகிறது. அதனால் மிதவை அறையிலுள்ள பெட்ரோல், 'ஜெட்' என்னும் சிறு பித்தளைத் துளை வழியாக எழும்பிக் காற்றோடு கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. இதில் பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை; காற்று மிகுந்தால் தடுமாற்றமும் உஷ்ணமும்.

சோதனைக்கு வரிசை உண்டு. முதலில் பொறி: பிளக்கையும் சி.பி. பாயிண்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவது பெட்ரோல்: டாங்கியிலிருந்து பில்டர், பம்ப் வழியாக அது வந்து சேருகிறதா? நண்பகல் வெயிலில் ஓடி நின்ற வண்டி, ஆறிய பிறகு தானே கிளம்பினால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியடைத்தது என்று சந்தேகிக்கலாம். மூன்றாவது கிளட்ச்: கியர் வண்டியில் எஞ்சின் உறுமல் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், வழுக்குவது கிளட்சேயன்றிக் கார்புரேட்டர் அன்று.

இவை சரியாயிருந்தால் பிளக் முனையின் நிறத்தை நோக்குக. கரி படிந்திருந்தால், 'சோக்' திறவாமல் சிக்கியிருக்கலாம். காற்று பில்டர் அடைத்திருக்கலாம். மிதவையின் ஊசியில் தூசி இருக்கலாம். வெளிறியிருந்தால், ஜெட் அடைப்போ, காஸ்கெட் வழியே காற்றுக் கசிவோ காரணமாகலாம். ஓடும்போது நன்றாயிருந்து, நிற்கும்போது மட்டும் எஞ்சின் அணைந்தால், சிறு ஐட்லிங் ஜெட்டைக் கவனிக்க வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தலாகாது. துளை பெருத்தால் அளவு கெட்டது கெட்டதுதான். காற்றை ஊதியே சுத்தம் செய்க.

இன்னொரு காரணம் அண்மையில் சேர்ந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எத்தனாலால் அந்நிய எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் குறைவது நாட்டுக்கு நன்மையே. ஆனால் எத்தனாலில் பிராணவாயு அடங்கியிருப்பதால் அதற்குக் காற்று குறைவாகவே போதும். புது வண்டி இதைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். பழைய ஜெட்டுக்கு அந்த வித்தை தெரியாது. மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். கடற்காற்றில் மாதக்கணக்காக நிற்கும் வண்டிக்கு இது இரட்டைத் தொல்லை. வாரம் ஒருமுறையேனும் வண்டியை ஓட்டுக. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களை மாட்டுக. ஜெட் மாற்றுவதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக.

சூடான எஞ்சினில் மிதவை அறையைத் திறப்பதும், அருகில் பீடி பற்ற வைப்பதும் தீயை விருந்துக்கு அழைப்பதாகும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் விஷவாயு உயிருக்கே உலை வைக்கும்.

மாமல்லபுரத்துச் சிற்பி கல்லைத் தட்டி ஒலி கேட்ட பிறகே உளி வைக்கிறார். நாமும் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, திருகைத் திருப்பிய அளவை ஒரு நோட்டில் குறித்து, பலனைப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுவோம். காசும் மிஞ்சும், வண்டியும் இன்னும் பல வருஷம் ஓடும்.